40 வாட்ஸ் ஆம்பை 80 வாட்ஸாக மாற்றினால் வித்தியாசம் தெரியுமா?

கேள்வி இதுதான்: பத்து வருஷமாக ஓடும் 40 வாட்ஸ் ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), கூட ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கர். ஆம்பை மட்டும் 80 வாட்ஸுக்கு மாற்றினால் போட்ட காசுக்குப் பலன் இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தத்தின் அளவில் கூடுவது 3 டெசிபல்தான், வால்யூம் குமிழை லேசாகத் திருப்பிய அளவு. சத்தம் இரண்டு மடங்காகக் காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு 10 மடங்கு வாட்ஸ், அதாவது 400! வீட்டில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்கும்போது உங்கள் 40-ல் பெரும்பாலும் ஓரிரு வாட்ஸ்தான் செலவாகிறது. சத்தத்தை நன்றாகக் கூட்டியபின் டிரம் அடி விழும் இடத்தில் மட்டும் ஒலி பிசிறினால், அல்லது 8 ஓமுக்கு (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) மட்டுமே என்று எழுதியிருக்கும் ஆம்பில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டியிருந்தால், ஆம்பைச் சந்தேகப்படலாம்.

ஆனால் அதற்கும் முன், இருப்பது பழுதாகி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய செட் 'டல்லடிக்கிறது' என்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். வால்யூமைத் திருப்பும்போது கரகரவென்றால் உள்ளே கார்பன் தடத்தில் அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது தடவை திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைவா? ஆம்பை அணைத்துவிட்டு, அதன் பின்னால் இடது வலது ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்றுங்கள். கோளாறு அடுத்த ஸ்பீக்கருக்குத் தாவினால் ஆம்பிலோ அதற்கு முன்னாலோ பிரச்சினை. அதே ஸ்பீக்கரில் நின்றால் ஸ்பீக்கரோ அதன் ஒயரோ.

வூஃபரை (கனமான கீழ் ஒலியைத் தரும் பெரிய கூம்பை) சுற்றியிருக்கும் வளையம் ஃபோம் என்றால் விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் அதன் ஆயுள் முடிந்தது. அந்த வளையத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், ஸ்பீக்கரையே தூக்கிப்போட வேண்டாம். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பு கறுப்பு ஒயர் மாறியிருந்தாலும் பேஸ், அதாவது கனமான கீழ் ஒலி, மெலிந்து, பாடுபவரின் குரல் நடுவில் நிற்காமல் அலையும். இந்தத் தப்பு ஆச்சரியப்படும் அளவுக்கு அதிகம்.

அடுத்தது வைக்கும் இடம். காசில்லாத அப்கிரேடு இது, அதனாலேயே யாரும் செய்வதில்லை. ஸ்பீக்கரின் முன்பக்கம் பின்சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 2 மீட்டர் கூடுதலாகப் பயணிக்கிறது. 86 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 4 மீட்டர், ஆக அது பாதி அலை பிந்தி வந்து நேர் ஒலியை அமுக்கிவிடும். 70 சென்டிமீட்டர் என்றால் இதே அமுக்கம் 122 ஹெர்ட்ஸில் நடக்கும். அறையின் நீளம் 4 மீட்டர் என்றால் 43 ஹெர்ட்ஸ் பக்கம் அறையின் நடுவில் பேஸ் காணாமல் போகும், சுவரோரம் கும்மென்று அடிக்கும். எத்தனை வாட்ஸ் ஆம்ப் போட்டாலும் இது மாறாது. நாற்காலியை 40 சென்டிமீட்டர் நகர்த்தினால் மாறும். ட்வீட்டர் (கீச்சு ஒலியைத் தரும் சின்னக் கூம்பு) காது மட்டத்தில் இருக்கட்டும். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே 2 மீட்டர் என்றால் நீங்களும் ஏறக்குறைய அதே 2 மீட்டர் தூரத்தில் உட்காருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் திருப்தி இல்லையா? அப்போது ஸ்பீக்கரை மாற்றுங்கள். ஒன்றுக்கொன்று நிஜமாக வித்தியாசமாக ஒலிப்பவை அவைதான். ஒயரில் காசைக் கொட்ட வேண்டாம்: 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 5 மீட்டருக்குப் போக வரச் சேர்த்து சுமார் 0.12 ஓம்தான், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமே இல்லை. ரெக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்கள் முதலில் ஊசியைக் கவனியுங்கள். 500 முதல் 1000 மணி நேரம் ஓடினாலே தேய்ந்துவிடும்.

எதை வாங்குவதாக இருந்தாலும் திருப்பித் தர வசதி இருந்தால் வீட்டில் வைத்துக் கேட்டுப் பாருங்கள், ஆனால் சத்தத்தைச் சமமாக்கிவிட்டு. 1 டெசிபல் கூடுதலாக இருந்தாலே காது அதைத்தான் 'தெளிவு' என்று சொல்லும். போனை ஒரே இடத்தில் நிறுத்தி, ஒலியளவு காட்டும் ஆப்பில் இரண்டையும் அரை டெசிபலுக்குள் கொண்டுவாருங்கள். வேறொருவர் மாற்றி மாற்றிப் போடட்டும், நீங்கள் பார்க்காமல் எது ஓடுகிறது என்று சொல்லுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே 10-க்கு 5 சரியாக வரும். 9 வந்தால் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். ஆம்பை இப்படிச் சோதித்தால் பலருக்கு 5, 6-க்கு மேல் வராது.

குறை பேஸில் மட்டும் என்றால், 5 அங்குல வூஃபருக்கு 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே பொதுவாக மூச்சு வாங்கும். அதற்கு சப்வூஃபர்தான் வழி, பேஸுக்கு மட்டுமேயான தனி ஸ்பீக்கர் பெட்டி அது. ஆம்பில் சப் அவுட் (சப்வூஃபருக்கான தனி இணைப்பு) இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஸ்பீக்கர் ஒயரையே நேராகக் கொடுக்கும் வசதி பல சப்களில் உண்டு. கிராஸ்ஓவரை, அதாவது எதற்குக் கீழே சப் ஒலிக்க வேண்டும் என்று பிரிக்கும் குமிழை, 80 ஹெர்ட்ஸில் வைத்து, சப்பைத் தூக்கி நீங்கள் உட்காரும் நாற்காலியிலேயே வையுங்கள். பேஸ் கிட்டார் தெளிவாக இருக்கும் பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டே கேளுங்கள். எந்த இடத்தில் எல்லா நோட்டும் ஒரே அளவில் கேட்கிறதோ அங்கே சப்பை இறக்கிவிட்டு, நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள்.