'ஆற்றேன்' என்பதும் பக்திதான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அப்பா பக்கவாதம் வந்து படுத்து எட்டு மாதம் ஆகிறது. வேலையை விட்டுவிட்டு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சொந்தக்காரர்கள் தினமும் காலையில் ஒரு குறளோ கீதை வாசகமோ வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். சென்னையில் இருக்கும் அண்ணன் 'இடுக்கண் வருங்கால் நகுக' என்று அனுப்பினார். படிக்கிறேன், எதுவும் மனதில் ஒட்டவில்லை. ராத்திரி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறேன். எனக்குப் பக்தி குறைவா? கீதை படிக்கட்டுமா, திருவாசகமா?

வாசகி, ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

பக்தி குறைவா என்ற கேள்வியைத் தூக்கிப் போடுங்கள். எட்டு மாதமாக அப்பாவைக் குளிப்பாட்டித் துடைத்து ஊட்டிவிடுகிறவர் கேட்கிற கேள்வியா இது? எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்தக் குறள் பொருட்பாலில், ஆள்வினையுடைமைக்கு அடுத்த அதிகாரத்தில் இருக்கிறது. எடுத்த காரியத்தில் இடைஞ்சல் வந்தால் கலங்காதே என்று முயற்சியில் இருப்பவனுக்குச் சொன்னது. அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். தூக்கமில்லாமல் கிடக்கிற தங்கைக்கு அதை அனுப்பி 'சிரி' என்பது வள்ளுவர் பேரைச் சொல்லிச் செய்கிற கொடுமை.

சில நாளாக நானும் நாவுக்கரசரின் முதல் பதிகத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சமணத்தில் இருந்தவருக்குச் சூலைநோய் வருகிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்கா திலகவதியாரிடம் வந்து சேர்கிறார். சிவனைப் பணிந்து தொண்டு செய் என்று அக்கா சொன்னதாகப் பெரியபுராணத்தில் சேக்கிழார் பாடுகிறார். திருநீறு கொடுத்து, திருவதிகைக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறார். அங்கே தம்பி வாயிலிருந்து முதலில் வந்தது என்ன? 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்.' எமனாக வந்த இந்த நோயை விலக்க மாட்டேன் என்கிறீரே என்று சாமியிடமே முறையிடுகிறார். குடலைச் சுருட்டி முடக்குகிறது, 'ஆற்றேன் அடியேன்' என்கிறார். தாங்க முடியவில்லை என்று சொன்ன அந்தப் பாட்டுத்தான் நாலாம் திருமுறையின் முதல் பாட்டு. நம் முன்னோர் அதை அழுகை என்று ஒதுக்கிவிடவில்லை, திருமுறையில் வைத்தார்கள். பைபிளின் சங்கீதத்திலும் 'என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று ஒருவர் கதறுகிறார். அதையும் யாரும் கிழித்துப் போடவில்லை.

என் ஆயாவுக்குப் பண்ருட்டிப் பக்கம். எழுதப் படிக்கத் தெரியாது. கோயிலில் ஓதுவார் பாடக் கேட்டுக் கேட்டே இந்தப் பதிகம் மனப்பாடம். கடைசிக் காலத்தில் அவருக்குத் தீராத வயிற்றுவலி. திண்ணையில் முழங்காலை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு, முந்தானையைப் பல்லில் கடித்தபடி சுருண்டு கிடப்பார். வலி கொஞ்சம் விட்டதும் முந்தானையை எடுத்துவிட்டுப் பாட்டைத் தொடங்குவார். 'ஆற்றேன் அடியேன்' வரைக்கும்தான் வரும். அதற்கு மேல் போகாது, அதையே திரும்பத் திரும்பச் சொல்வார். என் மாமா ஒருநாள், "அழுதுட்டே இருக்காதம்மா, சாமி பாட்டு சொல்லு" என்றார். ஆயாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "அதத்தான்டா சொல்லிட்டிருக்கேன்!"

ஆயாவுக்கு வலி அதனால் குறையவில்லை. ஆனால் இதைத் தனக்கு முன்னாலேயே ஒருவர் பட்டிருக்கிறார், சாமி முன்னாலேயே சொல்லியிருக்கிறார் என்பது அவருக்குப் பிடிமானமாக இருந்தது. தெம்பு என்று நான் கண்டது அதைத்தான். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு அழுவதும் அந்தப் பாட்டும் ஒன்றுதான். கதவை மட்டும் இனிச் சாத்த வேண்டாம்.

கீதையா திருவாசகமா என்று கேட்டிருந்தீர்கள். எதுவானாலும் சரி, சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்த ஒரு பாட்டு இருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்பாவுக்கும் கேட்கட்டும். புதிதாக எதையும் தேடிப் படிக்க உங்களுக்கு இப்போது நேரமும் இல்லை, உடம்பில் வலுவும் இல்லை.

அப்புறம், அந்த அண்ணன். இனிமேல் குறள் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை ராத்திரி ரயிலேறி வரட்டும். ஞாயிறு முழுக்க அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டட்டும். நீங்கள் அன்றைக்குத் தூங்குங்கள். அவர் மறுத்தால் இந்தப் பதிலை அப்படியே அவருக்கு அனுப்புங்கள்.