ஓ.டி.பி. யாருடைய போனுக்கு வருகிறது?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இணையத் தனியுரிமை குறித்துத் தருமபுரியில் நீங்கள் பேசியதைக் கேட்டேன். நான் அஞ்செட்டிக்கு மேலே ஒரு மலைக்கிராமத்தைச் சேர்ந்தவன். எங்கள் ஊரில் பாறைமேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். இணையமே வராத ஊருக்கு இணையத் தனியுரிமை எதற்கு? முதலில் டவர் வரட்டும், அந்தரங்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் தோன்றுகிறது. முதியோர் உதவித்தொகை வாங்கும் என் தாயாரின் ஆதார் நகல் எத்தனை கடைகளில் கிடக்கிறதோ தெரியாது. அதனால் இதுவரை ஒரு கெடுதலும் வரவில்லை. என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர், அஞ்செட்டி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது 2011-இல். பின்னர் அதற்கு பாரத்நெட் என்று பெயர் வந்தது. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் இணைக்கும் பொறுப்பு மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்திடம் இருக்கிறது. ஆனால் இழை வந்து சேரும் இடம் ஊராட்சி அலுவலகம். அஞ்செட்டி, சித்தேரி போன்ற மலைப்பகுதிகளில் ஓர் ஊராட்சி என்பதே சிதறிக் கிடக்கும் பல குக்கிராமங்கள் என்பதால், அலுவலகத்துக்கு இணைப்பு வந்துவிட்டது என்ற கணக்கும் நீங்கள் ஏறி நிற்கும் பாறையும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும்.

ஆயினும் நீங்கள் சொல்லும் வரிசையை என்னால் ஏற்க இயலவில்லை. உங்கள் ஊருக்கு இணையம் வரவில்லையே தவிர, உங்கள் ஊர் இணையத்துக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ரேஷன் கடையில் விரல் வைக்கிறீர்கள். நூறு நாள் வேலைக்கு வருபவர்களை நிற்கவைத்துப் படமெடுத்துச் செயலியில் ஏற்றுவது 2023 ஜனவரியிலிருந்து கட்டாயம். உதவித்தொகை, பட்டா, சாதிச் சான்றிதழ் என எல்லாவற்றுக்கும் மனு ஏறுவது கணினியில்தான். சிக்னல் இல்லாததால் அவற்றை உங்கள் கையால் செய்ய முடிவதில்லை. இன்னொருவர் கையில் ஒப்படைக்கிறீர்கள்.

அந்தக் கை எப்படிப்பட்டது என்பதைச் சென்ற ஆண்டு பென்னாகரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். மேசைமேல் நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. அதில் பெயர், ஆதார் எண், போன் நம்பர், கேன் நம்பர் (இ-சேவை மனுக்களுக்காக ஒவ்வொருவருக்கும் தரப்படும் பதிவு எண்), கடைசிக் கட்டத்தில் பாஸ்வேர்டு. ஏறத்தாழ எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. மலையிலிருந்து வந்த ஒரு பாட்டியிடம் போன் இல்லை. கடைக்காரர் தம் எண்ணையே பதிவு செய்து, தமக்கு வந்த ஓ.டி.பி.யைத் தாமே சத்தமாகப் படித்துத் தட்டச்சு செய்தார். அவர் கெட்டவரல்லர், பாட்டியிடம் பணம்கூட வாங்கவில்லை. ஆனால் இனி அந்தப் பாட்டியின் மனு குறித்த ஒவ்வொரு தகவலும் அவருடைய போனுக்குத்தான் வரும். வெளியே வந்து வேர்க்கடலை வாங்கினேன். பொட்டலத் தாள் யாரோ ஒருவருடைய வருமானச் சான்றிதழ்.

இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2019-இல் கேரள உயர் நீதிமன்றம், விடுதியில் மாலை நேரத்தில் கைபேசிக்கு விதித்த தடையை எதிர்த்த ஒரு கல்லூரி மாணவியின் வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் பகுதி என்றதோடு, அது தனியுரிமையின் பகுதி என்றும் கூறியது. நீங்கள் பிரித்துப் பார்க்கும் இரண்டையும் அந்தத் தீர்ப்பு ஒன்றாகவே பார்த்தது. 2023-இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் வந்தது 2025 நவம்பரில். முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதங்கள். வேலை முடிந்ததும் தகவலை அழித்துவிட வேண்டும் என்கிறது சட்டம். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் பெறலாம் என்கிறது. நல்லதுதான். ஆனால் மின்வடிவத்துக்கு மாறாத காகிதம் அதன் வரம்புக்குள் வராது. அந்த கணக்கு நோட்டு காகிதம். ஆளுக்கொரு போன், போனுக்கொரு ஆள், அவரே படித்து அவரே அழுத்தும் 'சம்மதம்' என்று எண்ணி எழுதப்பட்ட சட்டம் அது. தவிர, அரசு தான் விரும்பும் தன் அமைப்புகளுக்கு அறிவிக்கை மூலம் விலக்கு அளித்துக்கொள்ளவும் அதில் வழி இருக்கிறது. எனக்கு அது கடைக்காரரின் நோட்டைவிடப் பெரிய கவலை.

கெடுதல் ஒன்றும் வரவில்லை என்கிறீர்கள். பத்திரப் பதிவு ஆவணங்களிலிருந்து கைரேகையைப் பிரதியெடுத்து, ஆதார் வழியாக வங்கிக் கணக்கைக் காலி செய்தவர்கள் சில மாநிலங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். பாஸ்வேர்டு போனால் மாற்றலாம். கைரேகை போனால் மாற்ற முடியாது. தாயாரின் ஆதாரை இனி எங்கே கொடுத்தாலும், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு நகலை ஏற்பார்களா என்று முதலில் கேளுங்கள். கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதியும் உண்டு. ஆனால் பூட்டினால் ரேஷன் கடையில் விரல் ஏற்காது. அன்றைக்கு மட்டும் தற்காலிகமாகத் திறக்க வேண்டும். பூட்டவும் திறக்கவும் பதிவு செய்த போனுக்கு ஓ.டி.பி. வர வேண்டும். அது யாருடைய எண் என்று முதலில் பாருங்கள். உங்கள் வீட்டு எண்ணாகவே இருந்தாலும், அந்தக் குறுஞ்செய்தியை வாங்க நீங்கள் பாறைமேல் ஏற வேண்டியிருக்கும்.

அன்புடன்.