ஜாமீன் ஆர்டர் வந்தும் சிலர் ஏன் ஜெயில்லயே கிடக்கறாங்க, ஏழைக்கு ஒரு சட்டம் பணக்காரனுக்கு ஒரு சட்டமா?

சட்டம் ஒண்ணுதான், சிக்கல் ஷூரிட்டில, அதாவது பொறுப்பேத்துக்கற பிணையாள்ல. ஆர்டர் போட்டாலும் சொத்தோ சம்பளமோ காட்டுற ஆளு வந்து கையெழுத்து போடணும்பாங்க, தினக்கூலி வேலை செய்றவருக்காக யாரு வருவா? மத்தியப் பிரதேசத்துல ஒரு கொத்தனார்கிட்ட 10,000 ரூபாய்க்கு ஷூரிட்டி கேட்டு, கூடப்பொறந்தவர் வந்து நின்னா உன் சொத்து வேற மாவட்டத்துல இருக்குன்னு தள்ளிட்டாங்க (மாவட்டம் தாண்டினா வெளிநாடா என்ன!), 1978ல சுப்ரீம் கோர்ட் நீதிபதி கிருஷ்ணய்யர் தான் இது தப்புன்னு சொல்லி 1,000 ரூபா சொந்த பாண்ட்ல (ஷூரிட்டி இல்லாம அவரே எழுதிக் குடுக்கற உறுதிப்பத்திரம்) விடச் சொன்னாரு.

இப்ப பிஎன்எஸ்எஸ்ங்கற புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 478வது பிரிவுப்படி, ஜாமீன் உரிமையா கிடைக்கிற வகை குற்றம்னா, கைதாகி ஒரு வாரத்துல ஷூரிட்டி குடுக்க முடியலன்னாலே வசதியில்லாதவர்னு எடுத்துக்கிட்டு சொந்த பாண்ட்ல விடணும். வக்கீலுக்கு காசில்லன்னா ஜெயில்ல இருந்தே, இலவச சட்ட உதவி தர்ற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு மனு போடலாம், கஸ்டடில இருக்கறவங்களுக்கு வருமான வரம்பே கிடையாது.