ஜிம்மா, ஊர் கிளப்பா? களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: எனக்கு 48 வயசு. அண்டி ஆபீசில், அதான் முந்திரி ஆலையில், பருப்புத் தோல் உரிக்கிற வேலை. காலையில் உட்கார்ந்தா சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் தரையில்தான். எடை 62 கிலோ. போன மாசம் எடுத்த டெஸ்டில் மூணு மாசச் சராசரி சுகர் 7.4 வந்தது. மாத்திரை தந்து, ‘எக்சர்சைஸ் பண்ணுங்க’ன்னு ஒரே வரியில் சொல்லி அனுப்பிட்டாங்க. முட்டு வலியும் உண்டு. மகன் மார்த்தாண்டத்தில் ஜிம்மில் சேர்த்துவிடுறேன்னு நிக்கான். வீட்டுக்காரர், ‘நம்ம கிளப்பில் ஷட்டில் கோர்ட் சும்மா கிடக்கு, எதுக்குக் காசு?’ன்னு கேக்கார். ஆனா அங்கே பெண்ணுங்க விளையாடி நான் பார்த்ததில்லை. நான் எங்கே போகட்டும்?

பதில்: அக்கா, முதல் மூன்று மாதம் ஜிம்முக்குப் போங்கள். அந்த மூன்று மாதத்துக்குள் கிளப்பிலும் உங்களுக்கு ஒரு நேரம் கேட்டு வாங்குங்கள். உங்களுக்கு இரண்டுமே தேவைப்படும், ஆனால் இந்த வரிசையில்.

சோறும் மரச்சீனிக் கிழங்கும் சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கும்போது, அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைகள்தான். சும்மா இருக்கும் தசை, இன்சுலின் வந்து சொன்னால்தான் சர்க்கரையை உள்ளே விடும். வேலை செய்யும் தசை இன்சுலினுக்குக் காத்திருக்காமல் தானே இழுத்துக்கொள்ளும். பயிற்சி முடிந்த பிறகும் ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் வரை இன்சுலின் பேச்சுக்குத் தசை நன்றாக இணங்கும். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாள் விடாதீர்கள் என்று சுகர்காரர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் ஆடிவிட்டு மற்ற ஆறு நாளும் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தப் பலன் புதன்கிழமை வரை தாங்காது.

‘நாள் முழுக்க வேலைதானே செய்யுறேன், இதுக்கு மேலே என்ன எக்சர்சைஸ்?’ என்று அண்டி ஆபீசில் வேலை செய்கிற பல அக்காமார் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. அந்த வேலையின் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் அதில் உழைப்பது விரலும் கண்ணும் கழுத்தும். உடம்பிலேயே பெரிய தசைகளான தொடையும் பின்புறமும் மணிக்கணக்காக மடங்கிக் கிடக்கின்றன. பிசியோதெரபி அறையில் நான் வழக்கமாகப் பார்க்கும் ஒன்று: பாயிலிருந்து எழும்போது முதலில் வலது கை தரையில் ஊன்றும், அடுத்து இடது கை முழங்காலைப் பிடிக்கும், ஒரு முனகலோடு இடுப்பு மேலே வரும். எக்ஸ்ரேயில் தேய்மானம் கொஞ்சமாக இருக்கும், தொடை வலு அதைவிட மிகக் குறைவாக இருக்கும். முட்டுவலிக்கும் சுகருக்கும் சேர்த்து ஒரே மருந்து அந்தத் தொடைக்கு வலு ஏற்றுவதுதான். மாதவிடாய் நிற்கும் வயதில் தசையும் எலும்பும் வேகமாகக் குறையும் என்பதால் உங்களுக்கு இது இன்னும் அவசரம்.

இன்றைக்கே வீட்டில் தொடங்கலாம். கையில்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு எழுந்து நில்லுங்கள். உட்காரும்போதுதான் கவனம் வேண்டும்: தொப்பென்று விழாமல் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி இறங்குங்கள். எட்டு முறை செய்துவிட்டு இரண்டு நிமிடம் ஓய்வு, பிறகு இன்னொரு எட்டு. முட்டு இடித்தால் நாற்காலியின் மேல் ஒரு தலையணை வையுங்கள், உயரம் கூடினால் வலி குறையும். பன்னிரண்டு முறை லேசாகச் செய்ய வந்துவிட்டால் தலையணையை எடுத்துவிடலாம். பிறகு இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செய்யலாம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் பதினைந்து நிமிடம் நடங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம். அதைப் பதினைந்து பதினைந்தாகச் சேர்த்தாலும் கணக்குதான்.

அப்படியானால் ஜிம் எதற்கு? எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போக வீட்டில் வசதி இல்லை. தப்பாகச் செய்தால் திருத்த ஆளும் இல்லை. வாரத்தில் மூன்று நாள், நாற்பது நிமிடம் போதும். காலால் தள்ளுவது, கையால் இழுப்பது, தோளுக்கு மேலே தூக்குவது, கடைசி இரண்டு முறை கஷ்டமாகத் தோன்றுகிற எடையில் செய்யுங்கள். மூச்சை அடக்கவே அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

பணம் கட்டும் முன் ஒருநாள் போய்ச் சும்மா நின்று பாருங்கள். நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று பயிற்சியாளர் கேட்கிறாரா? முட்டு வலி என்றதும் என்ன மாற்றிக் கொடுக்கிறார்? கேட்கவே இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள். ஒரு வருடத்துக்கு ஆஃபர் என்றாலும் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். புரோட்டீன் பவுடர் டப்பாவை நீட்டினால் வாங்க வேண்டாம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலே அந்தப் பவுடர்களைத் தவிர்க்கச் சொல்கிறது. உங்கள் எடைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 50 கிராம் புரதம் வேண்டும். நான்கு சாளை மீனும், கஞ்சிக்கு ஒரு கிண்ணம் சிறுபயறும், ஒரு முட்டையும் சேர்ந்தால் அதில் பெரும்பகுதி வந்துவிடும்.

மருத்துவரிடம் மறுபடி போகும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். உங்கள் மாத்திரை சுகரை ஒரேயடியாக இறக்கும் ரகமா? கிளிமிபிரைட் போன்றது என்றால் வெறும் வயிற்றில் பயிற்சி கூடாது, பையில் எப்போதும் சர்க்கரை இருக்க வேண்டும். கை நடுங்கி வேர்த்தால் நிறுத்திவிட்டு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். இரண்டாவது, கண்ணின் விழித்திரையைப் பரிசோதித்தாயிற்றா? அங்கே ரத்தக் கசிவு இருந்தால் கனமான எடை தூக்கக் கூடாது. நடக்கும்போது நெஞ்சில் பாரமோ இறுக்கமோ வந்தால் ஜிம்முக்கு முன் ஆஸ்பத்திரி.

இனி கிளப். உங்கள் வீட்டுக்காரர் சொன்னதில் பாதி மிகச் சரி. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 8,500க்கும் மேற்பட்டோரை ஏறத்தாழ 25 ஆண்டுகள் கவனித்து 2018இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். உட்கார்ந்தே இருப்பவர்களோடு ஒப்பிட்டால், ஷட்டில் ஆடுகிறவர்களுக்கு 6.2 ஆண்டும், கால்பந்து ஆடுகிறவர்களுக்கு 4.7 ஆண்டும் கூடுதல் ஆயுள். ஜிம் மாதிரியான இடங்களில் பயிற்சி செய்தவர்களுக்கு 1.5 ஆண்டுதான். ஷட்டில் ஆட வசதிப்பட்டவர்கள் முன்பே ஆரோக்கியமாக இருந்திருக்கலாம், ஆகவே இதை மட்டும் வைத்து ஷட்டில்தான் ஆயுளைக் கூட்டியது என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் ஆளோடு ஆள் சேர்ந்து ஆடும் விளையாட்டுகள் முன்னால் நிற்பது என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. ஜிம்முக்கு ஒருநாள் போகாவிட்டால் யாரும் தேடுவதில்லை. ஷட்டிலுக்குப் போகாவிட்டால் நான்காவது ஆள் வீட்டு வாசலில் வந்து கூப்பிடுவார்.

பாறசாலைக்கு அந்தப் பக்கமானாலும் குழித்துறைக்கு இந்தப் பக்கமானாலும், நம் ஊர்களில் ‘ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப்’ பலகை இல்லாத முக்கு குறைவு. ஓணத்துக்கு வடம்வலி (கயிறு இழுக்கும் போட்டி), கிறிஸ்துமஸுக்குக் குடில், நடுராத்திரியில் ரத்தம் வேண்டுமென்றால் ஓடிவரும் பையன்கள், எல்லாம் அங்கேதான். தூத்தூர்ப் பக்கக் கடலோர ஊர்களின் மணலில் பந்து உதைத்துத்தான் இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து வரை போனார். இவ்வளவு செய்கிற கிளப்பில் அக்காமாருக்கு வருடத்தில் ஒருநாள் மியூசிக்கல் சேர் மட்டும் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வில் கேரளத்தில் நூற்றுக்கு 25.5 பேருக்கும் தமிழ்நாட்டில் 14.4 பேருக்கும் சர்க்கரை நோய். இந்த எல்லையில் சுகர் ஆண் பெண் பார்த்து வருவதில்லையே, மைதானம் மட்டும் ஏன் பார்க்க வேண்டும்?

தனியாகப் போய்க் கேட்காதீர்கள். அண்டி ஆபீசில் உங்களோடு உட்காரும் மூன்று பேரைச் சேருங்கள், ஷட்டிலுக்கு நாலு பேர் போதும். பையன்கள் பெரும்பாலும் லைட் போட்ட பிறகுதான் ஆடுவார்கள், ஆகவே அஞ்சரை முதல் ஆறரை வரை உங்களுக்கு என்று ஒரே ஒரு மணி நேரம் கேளுங்கள். செயலாளரிடம் வாயால் சொன்னால் மறந்துபோகும், வெள்ளைத்தாளில் எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பதிவு பெற்ற சங்கம் என்றால் ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டியாக வேண்டும், உங்கள் வீட்டுக்காரர் உறுப்பினர் என்பதால் அங்கே அவரையே எழுப்பிப் பேச வையுங்கள். பூட்டக்கூடிய கதவுள்ள ஒரு கழிப்பறையையும் அதே தாளில் கேளுங்கள். அது இல்லாமல் பெண்கள் ஒரு வாரத்துக்கு மேல் வரமாட்டார்கள், பல இடங்களில் பார்த்துவிட்டேன். பந்தும் மட்டையும் இல்லையென்றால் ஊராட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள், 2024இல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்தில் கிராம ஊராட்சிகளுக்குப் பொருட்கள் வந்திருக்கின்றன.

நேரம் கிடைத்ததும் நேராக மேட்சில் இறங்க வேண்டாம். ஷட்டிலில் முழங்காலைக் கெடுப்பது ஓட்டம் இல்லை, ஓடி வந்து சட்டென்று நிற்பதுதான். முதல் மாதம் அரைக் கோர்ட்டில் எதிரெதிரே நின்று தட்டுங்கள். செருப்புக் காலோடு ஆடவே கூடாது. பருத்திச் சாக்ஸ், பிடிப்புள்ள ஷூ, வீட்டுக்கு வந்ததும் பாதத்தை விரலிடுக்கு வரை பாருங்கள், சுகர் உள்ள காலில் கொப்புளம் வலிக்காமலே பெரிதாகும்.

மூன்று மாதம் கழித்து அதே டெஸ்டை எடுங்கள், ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் அதற்கு முன் எடுத்தால் மாற்றம் முழுதாகத் தெரியாது. அந்த எண்ணோடு இன்னொன்றையும் எனக்கு எழுதுங்கள்: சாயங்காலம் அஞ்சு மணிக்கு வேலை முடிந்து எழும்போது, வலது கை இன்னும் தரையைத் தேடுகிறதா?