அரசு செலவில் பட்டப்படிப்பு, பதிலுக்கு இராணுவச் சேவை: மலேசியாவில் மகனைச் சேர்க்கலாமா?

அமெரிக்காவில் கல்லூரிச் செலவை அரசு ஏற்றுக்கொண்டு அதற்கு ஈடாக இராணுவத்தில் பணியாற்ற வைப்பதைப் போல இங்கும் ஏதேனும் உண்டா, எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவப் பொதுத் தேர்வு) முடித்த மகனை அதில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. கட்டணத்தை மிச்சப்படுத்துவது மட்டுமே நோக்கம் என்றால் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. என் அக்காள் மகன் அந்த வழியில் சென்றவன். அவனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட தாய்மாமன் நான். காதுகுத்துக்குச் சீர் வைத்ததோடு என் கடமை முடிந்துவிட்டது என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

நீங்கள் தேடுவது கோலாலம்பூர் சுங்கை பெசி முகாமுக்குள் இருக்கும் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம். யு.பி.என்.எம். என்றால் எல்லாருக்கும் தெரியும். 1995-இல் இராணுவக் கல்விக்கழகமாகத் தொடங்கி, 2006-இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. மற்ற அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பதைப் போலவே இதற்கும் யு.பி.யு. என்ற பொது விண்ணப்ப முறை வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக, சேர விரும்புபவர் உடற்தகுதி, மருத்துவச் சோதனை, நேர்முகத் தேர்வு ஆகியவற்றையும் கடந்து வர வேண்டும். கேடட்டுகளுக்கு மாதந்தோறும் படித்தொகை உண்டு. பட்டம் பெற்றதும் மாமன்னரின் ஆணையின் பேரில் அதிகாரியாக நியமிக்கப்படுகிறார்கள். அதே வளாகத்தில் சீருடை இல்லாத பொது மாணவர்களும் படிக்கிறார்கள் என்பதால், இடம் கிடைத்துவிட்டது என்று யாராவது சொன்னால் எந்த வகையில் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு செந்தூலில் இருக்கிறது. செந்தூல் தீமோரில் எல்.ஆர்.டி. ரயில் ஏறினால் மாறாமல் சுங்கை பெசியில் இறங்கலாம். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் முதலாண்டில் அவனை நாங்கள் பார்த்த நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். விடியுமுன் எழுந்து ஓட்டம், கவாத்து, பிறகு மற்ற பொறியியல் மாணவர்களுக்கு இருக்கும் அதே பாடங்கள், மாலையில் மீண்டும் பயிற்சி என்று போகும் நாளில் தூக்கம்தான் முதலில் குறையும். (கவாத்து தமிழிலிருந்து மலாய்க்குப் போன சொல் என்று அவனிடம் சொன்னேன், கால் வலி அதனால் குறையவில்லை என்றான்.)

ஒப்பந்தத்துக்கு வருகிறேன், ஏனெனில் நம் வீடுகளில் யாரும் முழுதாகப் படிக்காதது அதுதான். எங்களிடம் வந்த தாள்களில் சலுகைகள் ஒரு பக்கம்கூட இல்லை. மீதி எல்லாம் பயிற்சியை இடையில் விட்டால் என்ன, தேர்வில் தவறினால் என்ன, பட்டம் பெற்ற பின் குறித்த காலத்துக்கு முன்பே விலகினால் என்ன என்பதைப் பற்றியவை. அவன் செலுத்த வேண்டிய தொகையை அவன் செலுத்தாவிட்டால் ஜாமீன்தாரர்கள் செலுத்த வேண்டும் என்ற வரியை நான் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டேன். அக்காள் அதற்குள் மூன்று முறை காப்பி கலக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

அமெரிக்க முறையில் எனக்குப் பிடித்தது, எந்த நாள் வரை விலகலாம் என்பது அங்கே தெளிவாக இருப்பது. வெஸ்ட் பாயிண்ட் என்ற தரைப்படை அதிகாரிக் கழகத்தில் மூன்றாம் ஆண்டு தொடங்கும் வரை கடன்பாடின்றி விலகலாம். அதன் பிறகு பட்டம் பெற்றவர் குறைந்தது 5 ஆண்டுகள் முழுநேரச் சேவை செய்ய வேண்டும். சாதாரணப் பல்கலைக்கழகங்களில் நடக்கும் ஆர்.ஓ.டி.சி. என்ற அதிகாரிப் பயிற்சித் திட்டம் 1916-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. அதில் சேமப்படைக் காலத்தையும் (தேவைப்பட்டால் மட்டும் அழைக்கப்படும் காலம்) சேர்த்து மொத்தக் கடப்பாடு 8 ஆண்டுகள். இவை தவிர, தேசியக் காவற்படையில் சேர்பவர்களுக்குத் தங்கள் அரசுப் பல்கலைக்கழகக் கட்டணத்தைத் தாங்களே ஏற்கும் மாநிலங்களும் உண்டு. பொதுவாக மாதத்தில் ஒரு வார இறுதியும் ஆண்டில் இரண்டு வாரமும் பயிற்சிக்குப் போக வேண்டும், அழைத்தால் போர்முனைக்கும் போக வேண்டும்.

அந்த ஊரில் கல்லூரிக் கட்டணம் ஒரு குடும்பத்தையே கடனில் ஆழ்த்தக்கூடியது என்பதால் இளைஞர்கள் அந்தப் பேரத்தை ஏற்கிறார்கள். இங்கே நிலைமை வேறு. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தாலே செலவின் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது, மீதிக்கு பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடன் இருக்கிறது, முதல் வகுப்புச் சிறப்புத் தேர்ச்சி பெற்றால் நிபந்தனைகளுக்கு உட்பட்டு அந்தக் கடனிலிருந்தும் விலக்குப் பெறலாம். ஆகவே மலாயாப் பல்கலைக்கழகத்திலோ பினாங்கில் யு.எஸ்.எம்.மிலோ இடம் கிடைக்கக்கூடிய பையன், கட்டணத்தை மட்டும் கணக்குப் பார்த்துத் தன் இருபதுகளை எழுதிக்கொடுப்பது நட்டக் கணக்கு. சீருடைமேல் ஆசை இருக்கிறது, ஆனால் முழு வாழ்க்கையும் அதில் வேண்டுமா என்று தெரியவில்லை என்றால், அந்தப் பல்கலைக்கழகங்களிலேயே பாலாப்பெஸ் எனப்படும் சேமப்படை அதிகாரிப் பயிற்சி இருக்கிறது. படிப்போடு சேர்த்துப் பயிற்சி பெற்று சேமப்படை அதிகாரியாகலாம், பட்டம் பெற்ற பின் வெளியில் வேலைக்கும் போகலாம். நம் பெற்றோர்கள் இதைப் பெரும்பாலும் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

நம் பிள்ளைகள் குறைவாக இருக்கும் இடத்தில் தனித்துப்போவானோ என்ற பயம் அக்காளுக்கும் இருந்தது. அணிவகுப்பு நாளில் எங்கள் கண்ணுக்குத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகள் சிலரே என்பது உண்மை. ஆனால் அவனுக்குக் கடினமாக இருந்தவை தூக்கமும் கணிதமும்தான் என்று அவன் வாயாலேயே சொன்னான். அதற்கு மேல் நான் சொன்னால் அது என் ஊகமாகிவிடும்.

உங்கள் மகனிடம், படிப்புச் செலவு முழுவதையும் நானே கட்டுகிறேன் என்று சொன்னால் அப்போதும் இராணுவத்துக்குப் போவாயா என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் இதே கேள்வியைக் கேட்டபோது அவன் யோசிக்காமல் போவேன் என்றான். அதனால்தான் பேனாவை எடுத்தேன். இப்போது சரவாக்கில் பொறியியல் பிரிவில் இருக்கிறான். அவனுடைய ஒப்பந்தக் காலம் இன்னும் முடியாததால் என் கையெழுத்தும் அங்கே ஜாமீனில்தான் இருக்கிறது.