கடலோரத்தில் வைடு லென்ஸ்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (பாம்பன்): நாட்டுப்படகு மீனவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறோம். கேமரா ரெட் ஹீலியம் 8கே. படகுக்குள் எடுக்க 11, 14, 18 மி.மீ. லென்ஸ்களில் எது பொருந்தும்? ஃபிலிம் காலத்து சூப்பர் 35 (சினிமா ஃபிலிமின் ஒரு ஃபிரேம் அளவு) லென்ஸ் செட் ஒன்று குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

பதில்: வாடகை செட்டை முதலில் பார்ப்போம், பணம் வீணாவது அங்கேதான். உங்கள் கேமராவையும் சூப்பர் 35 என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அதன் சென்சார் 29.9 × 15.77 மி.மீ.; மூலைக்கு மூலை 33.8 மி.மீ. ஃபிலிமுக்காகச் செய்த சூப்பர் 35 லென்ஸ் சென்சார்மேல் சுமார் 31 மி.மீ. விட்டமுள்ள ஒளிவட்டம் விழுவதையே கணக்கில் வைத்தது. அதனால் வைடு லென்ஸ்களில் நான்கு மூலையும் இருண்டுபோக வாய்ப்பு அதிகம். சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் வைத்து 7கே-வுக்குக் குறைத்து எடுத்தால் மூலைவிட்டம் 29.6 மி.மீ. ஆகி வட்டத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு விலையாக 18 மி.மீ. லென்ஸில் 79 டிகிரியாக இருந்த அகலப் பார்வை 72 டிகிரியாகச் சுருங்கும். படகுக்குள் பின்னால் நகர இடமில்லாதபோது அந்த 7 டிகிரி பெரிய இழப்பு. ஆகவே ஃபுல் ஃபிரேமுக்கு (சூப்பர் 35-ஐவிடப் பெரிய சென்சாருக்கு) செய்த லென்ஸையே எடுங்கள். ஜைஸ் சி.பி.3 வரிசையின் 18 மி.மீ. டி2.9 (டி என்பது லென்ஸ் உள்ளே விடும் ஒளியின் அளவு; எண் சிறிதானால் ஒளி அதிகம்), சிக்மாவின் 14 மி.மீ. டி2, 20 மி.மீ. டி1.5 எல்லாம் 43 மி.மீ. வட்டத்தை நிரப்புபவை. அவற்றின் விளிம்புப் பகுதி உங்கள் சென்சாருக்கு வெளியே போய்விடும்; கூர்மையான நடுப்பகுதியே பதிவாகும்.

இனி அளவு. ஒன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து வலை இழுப்பவரை எடுத்தால் 18 மி.மீ. இரண்டரை மீட்டர் அகலத்தைக் காட்டும், 14 மி.மீ. 3.2 மீட்டரை. ஆனால் 14-இல் ஓரத்தில் இருப்பவர் தலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அகலமாக இழுபடும். 18-இல் அது 1.3 மடங்கு. எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸானாலும் இது மாறாது, ஏனென்றால் இது கண்ணாடியின் குறையல்ல, கோணத்தின் கணக்கு. உழைக்கிற மனிதரின் முகத்தை அப்படி இழுத்துக் காட்டுவது எங்களுக்குச் சம்மதமில்லை. 18 மி.மீ. முதன்மையாக இருக்கட்டும். 14-ஐ ஆளில்லாத ஃபிரேமுக்கும், ஆள் நடுவில் நிற்கும் ஃபிரேமுக்கும் வையுங்கள். 11 வேண்டாம்.

கேள்வி (ராமேஸ்வரம்): தனுஷ்கோடியில் எடுத்த காட்சிகளில் தொடுவானம் வளைகிறது. சரிசெய்ய முடியுமா?

பதில்: தனுஷ்கோடியின் அரிச்சல்முனையைப்போல லென்ஸைச் சோதிக்க நல்ல இடம் வேறில்லை. தொடுவானத்தை ஃபிரேமின் நட்டநடுவில் வைத்தால் எந்த லென்ஸிலும் அது நேராகவே தெரியும். அதை நம்பி ஏமாறாதீர்கள். மேலிருந்து கால்பங்கில் ஒருமுறை, கீழிருந்து கால்பங்கில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். ஒரே சீராக வில்போல வளைந்தால் பீப்பாய் வளைவு. எடிட்டிங்கில் எளிதாக நிமிர்த்தலாம். நடுவில் ஒருபக்கம் வளைந்து ஓரத்தில் எதிர்ப்பக்கம் திரும்பினால் அது மீசை வளைவு. சாம்யாங் 14 மி.மீ. டி3.1 லென்ஸில் இது நன்றாகவே தெரியும். எடிட்டிங் மென்பொருளின் சாதாரண ஸ்லைடரால் இது போகாது. கட்டம்போட்ட சார்ட்டை அதே லென்ஸில் எடுத்து வைத்து, அதைக்கொண்டு நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தும்போது ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும், மூலைகள் இழுபட்டு மங்கும். எனவே ஃபிரேம் வைக்கும்போதே ஓரத்தில் இடம் விடுங்கள்.

கேள்வி (மண்டபம்): 18 மி.மீ. லென்ஸில் முடிவிலிக் குறியில் வைத்தும் தூரத்துப் பாம்பன் பாலம் மங்கலாக வருகிறது. அருகில் உள்ளவை பளிச்சென்று இருக்கின்றன. லென்ஸ் பழுதா?

பதில்: பெரும்பாலும் லென்ஸ் அல்ல, மவுண்ட் (லென்ஸ் கேமராவில் பொருந்தும் வளையம்). சினிமா கேமராக்களில் வழக்கமான பி.எல். மவுண்டில் லென்ஸ் உட்காரும் தளத்திலிருந்து சென்சார்வரை 52.00 மி.மீ. இருக்க வேண்டும். அது வெறும் 0.02 மி.மீ. கூடினாலும் முடிவிலிக் குறியில் 18 மி.மீ. லென்ஸ் உண்மையில் 16 மீட்டரில் ஃபோகஸ் ஆகும். கணக்கு எளிது: ஃபோக்கல் லெங்த்தின் வர்க்கத்தைப் பிழையால் வகுக்க வேண்டும். இதே பிழை 100 மி.மீ. லென்ஸில் 500 மீட்டர் என்று வரும், யாருக்கும் தெரியாது. வைடில்தான் குட்டு வெளிப்படும். பெரும்பாலான சினிமா லென்ஸ்களில் வளையம் முடிவிலியைத் தாண்டித் திரும்பாது என்பதால் பாலத்தைப் பிடிக்கவே முடியாமல் போகிறது.

வாடகைக் கடையிலேயே சோதித்துவிடுங்கள். கேமராவை அரைமணி நேரம் ஓடவிட்டு, லென்ஸின் அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, சென்சார் குறியிலிருந்து டேப் பிடித்து 1 மீட்டரில் நட்சத்திர சார்ட்டை வையுங்கள். கூர்மை எந்த எண்ணில் வருகிறது என்று பாருங்கள். பிறகு வெளியே தூரத்துக் கட்டடம். இரண்டும் குறியோடு ஒத்துவராவிட்டால், மவுண்டின் இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் தகட்டை மாற்றித் தரச் சொல்லுங்கள். இடையில் அடாப்டர் இருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள்.

ஸ்டாப்பை (ஒளி புகும் துளையை) சிறிதாக்கிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். எஃப் 8-இல் ஒளிப்புள்ளி 10.7 மைக்ரான்வரை விரிகிறது. உங்கள் கேமராவும் முதல் கேள்வியில் வந்ததுபோன்ற சூப்பர் 35 8கே-வாக இருந்தால் ஒரு பிக்சல் 3.65 மைக்ரான்தான்; படம் மழுங்கும். எஃப் 4 முதல் 5.6 வரை நில்லுங்கள். ஐ.எஸ்.ஓ. 800, 24 ஃபிரேம், 180 டிகிரி ஷட்டர் என்றால் உச்சி வெயிலில் 5.6-க்கு 7 ஸ்டாப் ஒளியைக் குறைக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதி), அதாவது நிறத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்கும் 2.1 என்.டி. ஃபில்டர், அகச்சிவப்பையும் தடுக்கும் வகை. வெண்மணலில் கூடுதலாக ஒரு ஸ்டாப் தேவைப்படலாம். ஒரு புள்ளி 0.025 மி.மீ.வரை விரிந்தாலும் கூர்மையாகவே தெரியும் என்ற அடிப்படையில் போட்ட பழைய ஃபோகஸ் அட்டவணையும் இங்கே உதவாது. எஃப் 4-இல் 18 மி.மீ. லென்ஸை 3.3 மீட்டரில் ஃபோகஸ் வைத்தாலே முடிவிலிவரை கூர்மை வரும் என்று அது சொல்லும். பெரிய திரைக்கு 0.01 மி.மீ. வைத்துப் பார்த்தால் 8 மீட்டர்.

கேள்வி (கீழக்கரை): கச்சான் காற்றில் உப்பும் மணலும் லென்ஸில் ஒட்டுகின்றன. எப்படித் துடைப்பது?

பதில்: உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் பரல் கோட்டிங்கைக் கீறிவிடும். முதலில் ஊதுபந்தால் ஊதுங்கள். பிறகு லென்ஸ் டிஷ்யூவில் காய்ச்சி வடித்த நீர் சில சொட்டு நனைத்து உப்பைக் கரைத்து எடுங்கள். கடைசியாகத்தான் லென்ஸ் திரவம். கடற்கரையில் லென்ஸ் மாற்ற வேண்டாம், வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மாற்றுங்கள். முன்கண்ணாடி குமிழ்போலப் புடைத்த லென்ஸில் ஃபில்டர் திருக முடியாது. லென்ஸ் முன்னால் மாட்டும் மேட் பாக்ஸில் தெளிந்த கண்ணாடி போட்டு, அதன் விளிம்பு ஃபிரேமுக்குள் வருகிறதா என்று மூலைகளைப் பாருங்கள். ஏ.சி. அறையிலிருந்து எடுத்த லென்ஸ் பையை ஒரு மணி நேரம் மூடியபடியே வெளியில் வைத்துத் திறந்தால் பனி படியாது. இரவில் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத பெட்டியில் வையுங்கள். தோல் பையில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.