கீழ்ப்படிதலுக்குப் பலன் உண்டா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கீழ்ப்படிதல், பரலோகப் பலன், கிறிஸ்துவின் நியாயாசனம் பற்றி வந்த கேள்விகளை இங்கே சேர்த்து எடுத்திருக்கிறோம். வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள். பல கேள்விகளுக்குப் பதில், நாம் மனப்பாடம் செய்த வசனத்துக்கு முன்னும் பின்னும் உள்ள வசனங்களில்தான் இருக்கிறது.

கேள்வி: கிருபையினாலே இரட்சிப்பு என்கிறது எபேசியர். அவனவன் கிரியைகளின்படி பலன் என்கிறது வெளிப்படுத்தின விசேஷம். இதில் எதை எடுத்துக்கொள்வது?

இரண்டையும்தான். இரண்டும் வெவ்வேறு காரியங்களைச் சொல்கின்றன. அந்த வித்தியாசத்தைத் தெளிவாகக் காட்டுகிற பகுதி 1 கொரிந்தியர் 3:10-15. அங்கே அஸ்திபாரம் வேறு, அதன்மேல் எழும்புகிற கட்டடம் வேறு. அஸ்திபாரம் இயேசு கிறிஸ்து. அது ஏற்கெனவே போடப்பட்டாகிவிட்டது, யாரும் புதிதாகப் போட முடியாது. அதன்மேல் கட்டும் பொருள்களாகப் பவுல் ஆறைச் சொல்கிறார்: பொன், வெள்ளி, விலையேறப்பெற்ற கல், மரம், புல், வைக்கோல். நெருப்பு சோதிப்பது கட்டடத்தை. அது நிலைத்தால் கூலி உண்டு. வெந்துபோனால் கட்டினவனுக்கு நஷ்டம், ஆனாலும் அவன் தப்புகிறான், "அக்கினியிலகப்பட்டுத் தப்பினதுபோல". ஆகவே இரட்சிப்பைக் கிரியை வாங்கித் தருவதில்லை, நஷ்டம் என்ற வார்த்தையும் வெறும் மிரட்டல் இல்லை.

இந்தப் பகுதியைத் தனிமனித நற்செயல்களின் பட்டியலாக மட்டும் பிரசங்கிப்பதில் ஒரு கோளாறு இருக்கிறது. 5-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். பவுல் நட்டார், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினார், "அவனவன் தன்தன் வேலைக்குத் தக்கதாய்க் கூலியைப் பெறுவான்" என்று 8-ஆம் வசனம் முடிகிறது. 16-ஆம் வசனத்தில் ஆலயம் என்று சொல்லப்படுவது சபை. அப்படியானால் இந்த எச்சரிக்கை முதலில் போய்ச் சேர வேண்டியது சபையைக் கட்டுகிறவர்களிடம்: போதகர், மூப்பர், ஞாயிறு பள்ளி ஆசிரியர், கமிட்டி உறுப்பினர். "நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்" என்று கட்சி கட்டிக்கொண்டிருந்த சபைக்குத்தான் பவுல் இதை எழுதினார். சபைத் தேர்தலில் ஆள் சேர்ப்பதற்காக நடத்தப்படும் வீட்டு ஜெபக்கூட்டம் எத்தனை பேரைக் கூட்டினாலும் அது வைக்கோல்தான். வேலைப்பாடு "எத்தன்மையுள்ளது" என்பதைத்தான் நெருப்பு வெளியாக்கும் என்று 13-ஆம் வசனம் சொல்கிறது. எத்தனை பெரியது என்ற கேள்வி அங்கே எழவில்லை.

எபேசியர் 2:8-9-ஐ மேற்கோள் காட்டுகிறவர்கள் 10-ஆம் வசனத்தையும் சேர்த்து வாசித்தால் பாதிக் குழப்பம் தீரும். நற்கிரியைகளினால் நாம் இரட்சிக்கப்படவில்லை, நற்கிரியைகளுக்காக உண்டாக்கப்பட்டிருக்கிறோம். அந்தக் கிரியைகளையும் தேவனே முன்னதாக ஆயத்தம்பண்ணி வைத்திருக்கிறார்.

கேள்வி: படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைக் கவனிப்பதிலேயே என் நாள் முழுவதும் போகிறது. ஊழியத்துக்கோ, உபவாச ஜெபத்துக்கோ போக முடியவில்லை. பரலோகத்தில் என் கை வெறுங்கையாக இருக்குமா?

இருக்காது, சகோதரி. 1 தீமோத்தேயு 5:4-ஐப் பாருங்கள். வீட்டாரைப் பராமரிப்பதைத் தேவபக்தியின் முதல் பாடமாக அங்கே பவுல் வைக்கிறார். அது "தேவனுக்கு முன்பாகப் பிரியமுமாயிருக்கிறது" என்கிறார். 8-ஆம் வசனத்தில் இன்னும் கடுமை: சொந்த வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன். மாற்கு 7:9-13-இல் ஆண்டவர் கண்டித்தது யாரை என்று பாருங்கள். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைத் தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை. நீங்கள் செய்வது அதற்கு நேர் எதிர்.

இன்னொரு பகுதி 1 சாமுவேல் 30. அமலேக்கியரைத் துரத்திப் போன தாவீதின் 600 பேரில் 200 பேர் களைத்துப்போய் பேசோர் ஆற்றண்டையில் தங்கிவிட்டார்கள். கொள்ளையோடு திரும்பியபோது, போருக்கு வராதவர்களுக்குப் பங்கு கிடையாது என்று சிலர் சொன்னார்கள். தாவீது ஒப்புக்கொள்ளவில்லை. யுத்தத்துக்குப் போனவனுக்கும் ரஸ்துக்களண்டையில், அதாவது படையின் சாமான்களருகே, இருந்தவனுக்கும் சரிபங்கு என்று தீர்த்து, அதையே இஸ்ரவேலில் பிரமாணமாக்கினான் (வசனம் 24-25). அவர்கள் கொண்டுவந்தது கர்த்தர் கொடுத்தது என்பதே அவன் சொன்ன காரணம். தேவன் பலன் கொடுக்கும் விதத்துக்கும் இது பொருந்துகிறது.

நடைமுறையில் ஒன்றைக் கவனியுங்கள். மாமியாரைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது, படுக்கைப்புண்ணைத் துடைக்கும்போது, யாரும் நன்றி சொல்லாத அந்த நேரத்தில்தான் கசப்பு உள்ளே வரும். வேலை அப்படியே நடக்கும், மனம் மட்டும் கெட்டுப்போகும். அதற்காகத்தான் கொலோசெயர் 3:23 "மனப்பூர்வமாய்" என்று சொல்கிறது. வீட்டிலுள்ள மற்றவர்களிடம் வாரத்தில் ஒரு பகல் பொறுப்பை வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். உதவி கேட்பதால் பலன் குறையாது. எபிரெயர் 6:10-ஐ அந்தக் கட்டிலுக்கு மேலே எழுதி ஒட்டலாம்.

கேள்வி: கடைசி நேரத்தில் மனந்திரும்பினவனுக்கும் 50 வருடம் ஊழியம் செய்தவருக்கும் ஒரே பலன்தானா?

மத்தேயு 20:1-16-இல் ஆளுக்கு ஒரு பணம், அதாவது ஒரு நாள் கூலி. பதினோராம் மணி வேளையில் வந்தவன் ஒரு மணி நேரம்தான் வேலை செய்தான். அவனுக்கும் அதே ஒரு பணம். ஆனால் லூக்கா 19-இல் பத்துப் பேருக்கும் ஆளுக்கு ஒரு ராத்தல் பணம் சமமாகக் கொடுக்கப்பட்டது. அதைப் பத்தாக்கினவனுக்குப் பத்துப் பட்டணம், ஐந்தாக்கினவனுக்கு ஐந்து. மத்தேயு 25-இல் தாலந்து, அதாவது பெருந்தொகைப் பணம், சமமில்லாமல் கொடுக்கப்பட்டது, ஐந்து, இரண்டு, ஒன்று. ஆனால் முதல் இரண்டு பேருக்கும் எஜமான் சொன்ன பாராட்டு வார்த்தைக்கு வார்த்தை ஒன்றே.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் விடை வருகிறது. தேவன் யாருக்கும் கடன்பட்டவர் அல்ல என்பதை முதல் உவமை காக்கிறது. "எங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று பேதுரு கேட்டதற்குப் பின்னால்தான் (19:27) அது சொல்லப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. உண்மையாயிருப்பதில் வித்தியாசம் இருந்தால் ஒப்படைக்கப்படும் பொறுப்பிலும் வித்தியாசம் உண்டு என்பதை ராத்தல் உவமை சொல்கிறது. குறைவாகப் பெற்றவன் அதனாலேயே பின்தங்குவதில்லை என்பது தாலந்து உவமை. கடைசி நேரத்தில் வந்தவனும் தனக்குக் கிடைத்த அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் கணக்குக் கொடுப்பான்.

கேள்வி: கோவில் கட்டுமானத்துக்குப் பணம் கொடுத்தேன். பளிங்குக் கல்லில் என் பெயரைப் பொறித்துவிட்டார்கள். என் பலன் போய்விட்டதா?

பெயர் வெளியே தெரிந்ததால் மட்டும் பலன் போகாது. பர்னபா நிலத்தை விற்றுப் பணம் கொண்டுவந்ததை அப்போஸ்தலர் 4:36-37 பெயரோடு எழுதி வைத்திருக்கிறது. அடுத்த அதிகாரத்திலேயே அனனியாவும் அப்படியே ஒரு நிலத்தை விற்றான். அவன் ஒரு பங்கை வைத்துக்கொண்டது குற்றமல்ல, அது அவனுடைய வசத்தில் இருந்ததென்று பேதுருவே சொல்கிறார் (5:4). முழுவதையும் கொடுத்ததுபோல் காட்டிக்கொண்டதுதான் குற்றம். மத்தேயு 6:1-இல் ஆண்டவர் கேட்பதும் அதுதான், மனுஷர் "காணவேண்டுமென்று" செய்தாயா என்பது.

உங்களைச் சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. அந்தக் கல்லில் பெயர் விடுபட்டிருந்தால், அல்லது எழுத்துப் பிழையோடு நாலாவது வரிசையில் வந்திருந்தால் உங்களுக்குக் கோபம் வந்திருக்குமா? வந்திருக்கும் என்றால் அதை ஆண்டவரிடம் அறிக்கையிடுங்கள். கல்லைப் பெயர்த்தெடுக்கச் சொல்லிச் சபையில் பேச்சைக் கிளப்ப வேண்டாம், அதுவும் விளம்பரமாகிவிடும். அடுத்த முறை கொடுக்கும்போது உறையில் பெயர் எழுதாதீர்கள். ரசீது தேவைப்பட்டால் பொருளாளரிடம் மட்டும் சொல்லி, பெயரை வாசிக்க வேண்டாமென்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் சபைகள் தவறாகப் புரிந்துகொள்கிற ஒன்று: கொடுக்கிறவர் மறைந்திருக்கலாம், கணக்கு மறைந்திருக்கக் கூடாது. எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைப் பவுல் தனியாக எடுத்துப் போகவில்லை. சபைகள் தெரிந்துகொண்ட ஒருவரையும் உடன் சேர்த்துக்கொண்டார், மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்பதற்காக (2 கொரிந்தியர் 8:19-21).

கேள்வி: நியாயாசனத்தில் நம் பாவங்களை எல்லாம் பெரிய திரையில் எல்லாரும் பார்க்கப் போட்டுக் காட்டுவார் என்று கன்வென்ஷனில் கேட்டேன். தூக்கமே வரவில்லை.

திரை என்று எந்த வசனத்திலும் இல்லை. கிறிஸ்துவுக்குள்ளானவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை (ரோமர் 8:1), அவர்களுடைய பாவங்களை இனி நினைப்பதில்லை என்பது உடன்படிக்கையின் வாக்கு (எபிரெயர் 10:17). நிம்மதியாகத் தூங்குங்கள்.

ஆனால் மறுபக்கம் சிலர், நியாயாசனம் என்பது பந்தயத்தில் பரிசு கொடுக்கும் மேடை மட்டுமே, அங்கே விசாரணையே இல்லை என்று போதிக்கிறார்கள். அதுவும் சரியல்ல. கொரிந்து பட்டணத்தின் சந்தைவெளியில் இருந்த நியாயாசனத்தின் கல்மேடையை இன்றும் பார்க்கலாம். ரோம அதிபதி கல்லியோனுக்கு முன்பாகப் பவுல் நிறுத்தப்பட்டது அங்கேதான் (அப்போஸ்தலர் 18:12). அது வழக்கு விசாரித்த இடம். நாமெல்லாரும் கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு முன்பாக வெளிப்பட வேண்டும் என்னும் 2 கொரிந்தியர் 5:10 அந்த ஊர்க்காரர்களுக்கு எழுதப்பட்டபோது அவர்கள் மனக்கண்ணில் அந்த மேடை வந்திருக்கும். செய்ததற்குக் கணக்கு உண்டு, இருதயத்தின் யோசனைகளும் வெளியாகும். அந்த வெளிப்படுத்தலின் முடிவை 1 கொரிந்தியர் 4:5 சொல்கிறது: "அவனவனுக்குரிய புகழ்ச்சி தேவனால் உண்டாகும்."

கேள்வி: பலனை எதிர்பார்த்துக் கீழ்ப்படிவது சுயநலம் இல்லையா?

மோசே பலனை நோக்கினான் என்று எபிரெயர் 11:26 அவனைப் பாராட்டித்தான் சொல்கிறது. தேவன் பலன் அளிக்கிறவர் என்று விசுவாசிப்பது அதே அதிகாரத்தின் 6-ஆம் வசனத்தில் விசுவாசத்தின் ஒரு பாதியாகவே வருகிறது. யாரிடமிருந்து எதிர்பார்க்கிறோம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

கேள்வி: முதலாளி பொய் பில் போடச் சொல்கிறார். அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் வேதம் இதற்கு என்ன சொல்கிறது?

பொய் பில் விஷயத்தில் மயக்கமே இல்லை. லேவியராகமம் 19:35-36 அளவிலும் நிறையிலும் அநியாயம் செய்யாதே என்கிறது. மனுஷனுக்கும் தேவனுக்கும் இடையில் முரண்பாடு வந்தால் யாருக்குக் கீழ்ப்படிவது என்பதை அப்போஸ்தலர் 5:29 தீர்த்து வைத்துவிட்டது. எப்படி மறுப்பது என்பதற்கு தானியேல் 1-ஆம் அதிகாரத்தைப் படிப்படியாக வாசியுங்கள். ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தக் கூடாதென்று தானியேல் முதலில் தன் இருதயத்தில் தீர்மானித்தான். பிறகு பிரதானிகளின் தலைவனிடம் வேண்டிக்கொண்டான், சண்டை போடவில்லை. அந்தத் தலைவன் தன் தலைக்கு ஆபத்து வருமென்று பயந்தபோது, தங்களை விசாரித்த கீழ் அதிகாரியிடம் போனான். "முடியாது" என்று மட்டும் சொல்லாமல் மாற்று வழி ஒன்றை வைத்தான்: பத்து நாள், மரக்கறி, தண்ணீர், பிறகு நீரே பார்த்துத் தீர்மானியும்.

அதே வரிசையில் செய்யுங்கள். தனியாகப் போய்ப் பேசுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். "இந்த பில்லில் நான் கையெழுத்துப் போட முடியாது, உண்மையான தொகைக்கு எத்தனை பில் வேண்டுமானாலும் இன்றே தயார் செய்கிறேன்" என்று சொல்லுங்கள். மற்ற வேலைகளில் யாரும் குறை சொல்ல முடியாதபடி இருங்கள். வேலை போகவும் கூடும். தானியேல் 3:18-இல் அக்கினிச் சூளைக்கு முன் நின்ற சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்னும் மூன்று பேர் "விடுவிக்காமற்போனாலும்" என்பதையும் சேர்த்துத்தான் ராஜாவிடம் சொன்னார்கள்.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். பில்லைப் போட்டுவிட்டு, அதில் வந்த போனஸில் தசமபாகம் கொடுத்து மனதை ஆற்றிக்கொள்வது. சவுல் அமலேக்கியரின் நல்ல ஆடுமாடுகளைப் பலிக்கென்று தப்பவைத்த கதை அது (1 சாமுவேல் 15:15). 22-ஆம் வசனத்தில் சாமுவேல் அதற்குப் பதில் சொல்லிவிட்டார்: பலியைவிடக் கீழ்ப்படிதலே உத்தமம்.

கேள்வி: கத்தோலிக்கரும் நாமும் இதில் ஒன்றுதானா?

பலன் உண்டு என்பதில் ஒன்று, அதைத் தகுதி என்று சொல்லலாமா என்பதில் வேறு. கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1547-இல், நீதிமானாக்கப்பட்டவரின் நற்செயல்கள் உண்மையாகவே தகுதி பெறுகின்றன என்றது. அந்தத் தகுதிகளே கடவுளின் கொடைகள் என்றும் அதே ஆவணத்தில் சேர்த்துச் சொன்னது. சீர்திருத்தச் சபைகளின் 1563-ஆம் ஆண்டு ஹைடல்பெர்க் வினாவிடை தன் 63-ஆம் கேள்வியில், பலன் தகுதியினால் அல்ல, கிருபையினால் வருகிறது என்றது. 1999-இல் ஆக்ஸ்பர்கில் லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் கையெழுத்திட்ட கூட்டறிக்கையில் இந்த வித்தியாசம் மறைக்கப்படவில்லை, ஆனால் அது ஒருவரை ஒருவர் சபிக்கும் அளவுக்கு இல்லை என்று ஒத்துக்கொண்டார்கள்.

கேள்வி: கிரீடங்கள் மொத்தம் ஐந்துதானா?

ஐந்து விதமாக எண்ணுவது வழக்கம்: அழிவில்லாத கிரீடம் (1 கொரிந்தியர் 9:25), மகிழ்ச்சியின் கிரீடம் (1 தெசலோனிக்கேயர் 2:19), நீதியின் கிரீடம் (2 தீமோத்தேயு 4:8), ஜீவகிரீடம் (யாக்கோபு 1:12), மகிமையுள்ள வாடாத கிரீடம் (1 பேதுரு 5:4). ஐந்து என்ற எண்ணிக்கையை வேதம் எங்கும் சொல்லவில்லை. அவை ஐந்து தனித்தனிப் பரிசுகளா, ஒன்றையே ஐந்து விதமாகச் சொன்னதா என்றும் திட்டமாகச் சொல்ல முடியாது. இதற்கு அட்டவணை போட்டுப் பிள்ளைகளைப் பரீட்சை எழுத வைப்பதைவிட, நீதியின் கிரீடம் பவுலுக்கு மாத்திரமல்ல, அவர் வருகையை விரும்பும் யாவருக்கும் என்பதைச் சொல்லிக்கொடுப்பது பயனுள்ளது.

கேள்வி: இரட்சிக்கப்படுமுன் ஒருவரிடம் ஏமாற்றி வாங்கிய பணம் இருக்கிறது. மன்னிப்புக் கிடைத்துவிட்டது. இனித் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

கொடுக்க வேண்டும். மன்னிப்பு தேவனிடத்தில் உள்ள கணக்கைத் தீர்த்தது, ஏமாந்தவருடைய பணம் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. லேவியராகமம் 6:5-இன் அளவு, முதலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும். 50,000 ரூபாய் என்றால் 60,000. சகேயு நாலத்தனையாகத் தருவதாகத் தானே முன்வந்தான் (லூக்கா 19:8). கிறிஸ்தவனுக்கு இந்த விகிதம் சட்டமாகக் கட்டளையிடப்படவில்லை. ஆனாலும் இத்தனை வருடம் அவர் அந்தப் பணமில்லாமல் பட்ட நஷ்டத்துக்கு ஏதாவது சேர்த்துக் கொடுப்பது நியாயம்.

முதலில் தொகையை எழுதிப் பாருங்கள். கணவனோ மனைவியோ அறியாமல் செய்யாதீர்கள், பின்னால் அதுவே வீட்டில் பிரச்சினையாகும். நேரில் போய், "இன்ன வருடம் இன்ன விதமாக உங்களை ஏமாற்றினேன்" என்று காரணம் கற்பிக்காமல் சொல்லுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் மாதத் தவணை எழுதிக் கொடுங்கள். காரியம் வழக்குவரை போகக்கூடியது என்றால், போவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். அவர் இறந்திருந்தால் வாரிசுகளிடம் கொடுங்கள். வாங்கிக்கொள்ள இனத்தான் யாரும் இல்லாவிட்டால்தான் அது கர்த்தருக்கென்று ஆசாரியனைச் சேரும் என்கிறது எண்ணாகமம் 5:8. அந்த வரிசையை மாற்றி, ஆள் இருக்கும்போதே காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால் கடன் அப்படியே நிற்கும்.